சமூக உளநூலும் நமது சங்கப் பணியும்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)





இந்த மேடையிலே ஆண்டுதோறும் அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். நானோ மிஷன் கல்லூரி ஒன்றிற் படித்து, இப்போது பல்கலைக்கழகத்தில் உளநூலைப் பாடமாகப் பயிலும் ஒரு மாணவன். பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. என்னைப் பேச அழைத்த காரியதரிசி அவர்கள், "தம்பி, நீர் படிக்கிற படிப்பாலே எங்கட ஊருக்கு என்ன பிரயோசனம் எண்டு சொல்லும், அது போதும்" என்றார்கள். கேட்டவருக்கு அது சிறிய கேள்வி. எனக்கு அது பல நாள் நித்திரையைக் கெடுத்த கேள்வி. என்னால் இயன்ற விடையை உங்கள் முன் வைக்கின்றேன். பிழை இருந்தாற் பெரியோர் பொறுத்துத் திருத்துக.

உளநூல் என்றவுடன் பலர் மனநோயையும் அதற்கான வைத்தியத்தையுமே நினைக்கின்றனர். அது அந்நூலின் ஒரு பகுதி மாத்திரமே. மனிதன் தனித்திருக்கும்போது ஒரு விதமாகவும், பலரோடு கூடியிருக்கும்போது வேறொரு விதமாகவும் நடந்துகொள்வது ஏன் என்று ஆராய்வது சமூக உளநூல். கந்தோர், தொழிற்சாலை, வைத்தியசாலை, சங்கம் என்றிவ்வாறு பலர் சேர்ந்து தொழில் செய்யும் இடங்களில் அவ்வாராய்ச்சியைப் பயன்படுத்துவது நிறுவன உளநூல். இவ்விரண்டும் கற்றுத்தந்த ஒரேயொரு பாடத்தையே இன்று சொல்ல விரும்புகின்றேன். ஒரு காரியம் கெட்டுப்போனால் ஆளின் குணத்தைப் பழிக்குமுன், அந்த ஆள் நின்ற நிலைமையையும் வேலை அமைந்திருந்த விதத்தையும் பார்க்கவேண்டும் என்பதே அது.

இதை நான் புத்தகத்திலே படித்ததற்கும் ஊரிலே உணர்ந்ததற்கும் இடையில் ஒரு வருடம் சென்றது. அந்தக் கதையை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

முந்திய வருடம் மாரி தொடங்குமுன், டெங்குக் காய்ச்சலைத் தடுக்கும் பொருட்டு நமது சங்கம் சிரமதானம் ஒன்றை ஏற்பாடு செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,80,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவுசெய்யப்பட்டனர். அந்த வருடத்தை நம்மில் எவரும் மறக்கவில்லை. இந்நோயைப் பரப்பும் நுளம்பு, சிரட்டையிலும் பழைய ரயரிலும் தயிர்ச்சட்டியிலும் தேங்கும் சிறிதளவு நீரிலே பெருகுவது. ஆதலால் ஒழுங்கைகளையும், சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பதனால் ஆளின்றிக் கிடக்கும் வளவுகளையும் துப்புரவு செய்வதென நிருவாகசபையிலே தீர்மானித்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி. முதல் ஞாயிறு 63 பேர் வந்தனர். இரண்டாவது ஞாயிறு 21 பேர். மூன்றாவது ஞாயிறு நிருவாகசபையாரையும் சேர்த்து 7 பேர். கீழைக்கரை ஒழுங்கைகள் கிடந்தபடியே கிடந்தன. மார்கழியில் அந்தப் பக்கத்து வீடொன்றிலே 6 வயதுப் பிள்ளைக்கு டெங்கு கண்டது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியிலே அந்தத் தாய் இருந்த இருப்பை நான் நேரிற் பார்த்தேன். தெய்வாதீனமாகப் பிள்ளை பிழைத்தது.

உதவிக் காரியதரிசியாக இருந்த நான், கோபத்திலே, வாசிகசாலை அறிவித்தற் பலகையில் ஒரு கடிதம் எழுதி ஒட்டினேன். ஊர்ப்பற்று இல்லாதவர்கள், சோம்பேறிகள், வெளிநாட்டுக் காசு வந்து கெட்டுப்போனவர்கள் என்றெல்லாம் எழுதினேன். அதை இரண்டு நாள் எல்லாரும் வாசித்தனர். மூன்றாம் நாள் யாரோ கிழித்துவிட்டனர். அதன் பின் நமது கூட்டங்களுக்கு வருவோரும் குறைந்தனர்.

அமெரிக்க உளநூலார் லீ றொஸ் என்பவர் 1977ஆம் ஆண்டில் இத்தகைய பிழைக்கு ஒரு பெயரிட்டார். பிறர் செய்வதற்கு அவர் குணத்தையே காரணமாகக் கூறி, அவர் நின்ற சூழ்நிலையை நாம் குறைத்து மதிப்பிடுகின்றோம். இதுவே மனித விளக்கங்களிற் காணும் அடிப்படைப் பிழை என்றார். நான் வேலைக்குப் பிந்தினால் பஸ் பிந்திவிட்டது என்கிறேன். மற்றவர் பிந்தினால் அவர் பொறுப்பில்லாதவர் என்கிறேன். இந்தப் பிழையைப் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி எடுத்தவனே பலகையில் அந்தக் கடிதத்தையும் ஒட்டினான் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றேன்.

இனி, 63 பேர் 7 பேராகக் குறைந்த காரணத்தைத் தேடுவோம்.

பிரான்சு தேசத்தில் மக்ஸ் றிங்கல்மான் என்றொரு விவசாயப் பொறியியற் பேராசிரியர் இருந்தார். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் இறுதியில் ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து, இழுப்பின் வலிமையைக் கருவி கொண்டு அளந்தார். முடிவுகளை 1913இல் வெளியிட்டார். ஒருவர் தனியே இழுக்கும் வலிமையை அளந்து, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது அதன் எட்டு மடங்கு வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஆளொருவருக்குப் பாதியளவு வலிமையே கிடைத்தது. தேர்த் திருவிழாவில் வடத்தைத் தொட்டுக்கொண்டு நடப்போர் எத்தனை பேர், உண்மையில் இழுப்போர் எத்தனை பேர் என்று அறிந்த நமக்கு இது வியப்பன்று.

இதற்கு ஒரே நேரத்தில் எல்லாரும் சேர்ந்து இழுக்காமை ஒரு காரணம். அது மாத்திரந்தானா என்று பிற்காலத்தார் சோதித்தனர். 1974இல் ஒருவரின் கண்ணைக் கட்டி, உமக்குப் பின்னால் வேறு சிலரும் இழுக்கின்றனர் என்று நம்பச்செய்து, உண்மையில் அவரைத் தனியே இழுக்கவிட்டனர். அப்போதும் வலிமை குறைந்தது. 1979இல் லற்றானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் என்னும் மூவர் கயிற்றை விட்டுக் குரலைச் சோதித்தனர். தம்மோடு இன்னும் ஐந்து பேர் சத்தமிடுகின்றனர் என்று எண்ணியவர், தனியே இட்ட சத்தத்தின் முக்காற் பங்களவே சத்தமிட்டார். அவரிடம் கேட்டால், முழு மனதோடுதான் கத்தினேன் என்பார். பொய் சொல்லவில்லை, தாம் தளர்ந்தது அவருக்கே தெரியாது. இதே மூவர் 1981இல் வேறொன்று கண்டனர். ஒவ்வொருவர் இட்ட சத்தமும் தனித்தனியே அளக்கப்படுகிறது என்று அறிந்தபோது இந்தத் தளர்வு இல்லாமற் போயிற்று.

இதை வாசித்தபின் நான் ஊருக்கு வந்து, முதல் ஞாயிறு வந்து பின் வராதவர்களிற் சிலரை வீடுவீடாகச் சென்று கண்டேன். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை; அன்று என்ன நடந்தது என்று மாத்திரம் கேட்டேன். வயது முதிர்ந்த அப்பு ஒருவர் சொன்னது இது: "தம்பி, நான் ஆறு மணிக்கு முன்னமே வந்திட்டன். எனக்கு ஒருத்தரும் ஒரு வேலையும் சொல்லேல்லை. மண்வெட்டி பத்தோ பன்னிரண்டோதான் கிடந்தது. பெடியள் எடுத்திட்டாங்கள். நான் ஓரமா நிண்டு பாத்துப்போட்டு, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திட்டன். பிறகேன் வருவான்?" அவர் சோம்பேறி அல்லர். எழுபது வயதிலும் தமது தோட்டத்திற் கொத்துகிறவர். 63 பேருக்குப் 12 மண்வெட்டி வைத்து, எவருக்கும் இன்ன பங்கு உம்முடையது என்று சொல்லாமல் விட்டது யார்? நிருவாகசபை. அதிலும் கருவிகளுக்குப் பொறுப்பாக இருந்தவன் நான்.

இரண்டாவது காரணம் இதனோடு உறவானது. 1964இல் நியூயோர்க் நகரத்தில் ஓர் இளம்பெண் இரவிலே தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். அயலார் 38 பேர் பார்த்திருந்தும் பேசாதிருந்தனர் என்று பத்திரிகை எழுதிற்று. அச்செய்தி பெரிதும் மிகைப்படுத்தப்பட்டதென்று பிற்காலத்தில் தெரியவந்தது. அந்தப் பத்திரிகையே 2016இல் அதை ஒப்புக்கொண்டது. எனினும் அச்செய்தி தூண்டிய ஆராய்ச்சி நிலைத்துவிட்டது. டார்லி, லற்றானே என்னும் இருவர் 1968இல் வெளியிட்ட சோதனையிலே, மாணவர் தனித்தனி அறையிலிருந்து ஒலிவாங்கி மூலம் பேசிக்கொண்டிருக்கையில், அவர்களுள் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோன்ற குரல் கேட்கும். அதைத் தாம் ஒருவர் மாத்திரமே கேட்பதாக எண்ணியவர்களுள் 100க்கு 85 பேர் அந்தக் குரல் ஓயுமுன் உதவி தேடி எழுந்தனர். தம்மோடு இன்னும் நால்வர் கேட்கின்றனர் என்று எண்ணியவர்களுள் 100க்கு 31 பேரே அவ்வாறு எழுந்தனர். எழாதவர்கள் கல்நெஞ்சரா? அல்லர். சோதனையாளர் அறைக்குள் வந்தபோது அவர்களிற் பலர் கை நடுங்கி, வியர்த்து, அவர் நலமாக இருக்கிறாரா என்று கேட்டனர். இரக்கம் இருந்தது, பொறுப்பு ஐவருக்குப் பங்காகி எவரிடமும் தங்காமற் போயிற்று.

நமது கீழைக்கரை ஆளில்லா வளவிலே ரயர் கிடந்ததை அந்த ஒழுங்கையால் நாள்தோறும் போனோர் யாவரும் கண்டனர். பலரும் போகும் வழியாதலால் எவருடைய பொறுப்பாகவும் அது படவில்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலே நூற்றுக்கு மேற்பட்டோர் இருக்கின்றனர். "யாராவது வந்து உதவி செய்யவும்" என்று நான் மூன்று முறை எழுதினேன். யாராவது என்பவர் ஊரில் இல்லை. பெயர் சொல்லி, "அண்ணர், உங்கள் லான்ட்மாஸ்ரரை இந்த ஞாயிறு இரண்டு மணித்தியாலம் தருவீர்களா?" என்று கேட்டிருந்தால் விடை வந்திருக்கும்.

மூன்றாவது காரணமே எல்லாவற்றிலும் பெரியது. அதைச் சொல்ல ஜேர்மனியில் இருந்து அமெரிக்கா சென்ற ஒருவரைக் குறிப்பிடவேண்டும். கேட் லெவின் 1890இற் பிறந்தார். யூதர்; ஹிற்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் நாட்டைவிட்டு வெளியேறினார். 1947இல் 56ஆம் வயதிற் காலமானார். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அமெரிக்காவிலே நல்ல இறைச்சி தட்டுப்பாடாயிருந்தது. அங்குள்ள குடும்பப் பெண்கள் இதயம், சிறுநீரகம் முதலிய பகுதிகளைச் சமைப்பதை அருவருத்தனர். சைவ போசனத்தார் நிறைந்த இச்சபையில் இவ்வுதாரணத்தைச் சொல்வதற்கு மன்னிக்கவேண்டும். ஆயினும் விருப்பமில்லாத ஒன்றை மனிதர் எப்போது ஏற்றுக்கொள்ளுகின்றனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது. லெவின் சில பெண்கள் குழுக்களுக்கு நல்ல சொற்பொழிவு ஏற்பாடு செய்தார். சத்து, சிக்கனம், தேசபக்தி, சமைக்கும் முறை யாவும் சொல்லப்பட்டன. வேறு குழுக்களில் அதே நேர அளவில் பெண்களையே பேசவிட்டார். எங்களைப் போன்ற குடும்பப் பெண்களுக்கு இதில் என்ன தடை, கணவர் என்ன சொல்வார், மணத்தை எப்படிப் போக்கலாம் என்று அவர்களே பேசி, ஈற்றில் இந்த வாரம் சமைப்பேன் என்போர் கையுயர்த்தினர். பின்னர் விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களுள் 100க்கு 3 பேரே சமைத்திருந்தனர். கூடிப் பேசித் தீர்மானித்தவர்களுள் 100க்கு 32 பேர் சமைத்திருந்தனர்.

சொற்பொழிவு செய்துகொண்டிருக்கும் நானே இதைச் சொல்வது வேடிக்கைதான். நான் இன்று பேசி முடித்தவுடன் கலைந்துபோனால் 100க்கு 3 பேர் என்ற கணக்குத்தான் நமக்கும்.

லெவினின் வழிவந்த கொச், பிரெஞ்ச் என்னும் இருவர் 1948இல் ஒரு தொழிற்சாலை ஆராய்ச்சியை வெளியிட்டனர். அமெரிக்காவில் வேர்ஜினியா மாநிலத்திலுள்ள ஹார்வூட் என்னும் ஆலையிலே படுக்கை உடைகள் தைக்கப்பட்டன. வேலை முறையை மாற்றும்போதெல்லாம் தொழிலாளர் மனங்கசந்து வேலையை விட்டனர்.  ஆராய்ச்சியாளர் ஒரு குழுவுக்கு மாற்றத்தை அறிவித்தல் போல் அறிவித்தனர். வேறு குழுக்களில் தேவையை விளக்கி, புதிய முறையை வகுப்பதில் தொழிலாளர் அனைவரையும் சேர்த்துக்கொண்டனர். அறிவித்தல் பெற்ற குழுவில் 40 நாளுக்குள் 100க்கு 17 பேர் வேலையை விட்டனர், உற்பத்தியும் எழும்பவில்லை. எல்லாரும் பங்குபற்றிய குழுக்களில் எவரும் விலகவில்லை. உற்பத்தி முன்னையதிலும் 100க்கு 14 பங்கு உயர்ந்தது. அதே வகைப் பெண்கள், அதே ஆலை, மாறியது கேட்ட விதம்.

இனி நமது கதைக்கு வருவோம். நான் கண்ட தோட்டக்காரர் ஒருவர் சொன்னார்: "ஞாயிறு காலமை ஆறு மணிக்கோ? பங்குக் கிணத்திலை அண்டைக்குத்தான் எங்கட இறைப்பு முறை. அதை விட்டால் வெங்காயம் வாடும். நீங்கள் ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் சனி பின்னேரம் எண்டு சொல்லியிருப்பம்." அந்த ஒழுங்கையில் முக்காற்பங்கு வீட்டார் தோட்டக்காரர். நிருவாகசபையிலோ எல்லாரும் கந்தோர் உத்தியோகத்தரும் மாணவரும். நமக்கு ஓய்வான நேரத்தை நாம் ஊருக்கு ஓய்வான நேரமென்று எண்ணிக்கொண்டோம். கேட்காமலே தீர்மானித்து, வராதபோது ஊர்ப்பற்றை அளந்தோம்.

இதுகாறும் பொதுவேலையைப் பற்றிச் சொன்னேன். தொழில் செய்யுமிடத்திலும் இதே பிழை நடக்கின்றது என்பதற்கு என் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுகின்றேன். என் அக்கா சில வருடம் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். 1978இல் கட்டுநாயக்கவிலே சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட காலந்தொட்டு இத்தொழில் நமது நாட்டிற் பெருகி, இன்று முதன்மையான ஏற்றுமதித் தொழிலாக இருக்கின்றது. அதிற் பாடுபடுவோர் பெரும்பாலும் பெண்கள். ஒரு நாள் பக்கத்து மெசினிலே ஊசிக் காப்புத் தளர்ந்திருப்பதை அக்கா கண்டார்; ஒருவருக்கும் சொல்லவில்லை. மறுநாள் அந்த மெசினில் இருந்த பிள்ளையின் விரலிலே ஊசி ஏறிவிட்டது. அக்கா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அழுதபோது, நான் கேட்ட முதற்கேள்வி, "நீங்கள் ஏன் சொல்லேல்லை?" என்பதே. அவர் சொன்ன மறுமொழி: "போன மாதம் ஒரு பிள்ளை இப்படித்தான் சொன்னது. வேலையை நிப்பாட்டி எண்ணிக்கையைக் குறைச்சிட்டாய் எண்டு எல்லாருக்கும் முன்னாலை ஏச்சு. பிறகு யார் வாய் திறப்பினம்?"

ஹார்வாட் பல்கலைக்கழகப் பேராசிரியை ஏமி எட்மன்சன் 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று அக்காவின் சொல்லுக்கு உரையெழுதியது போலிருக்கின்றது. வைத்தியசாலைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை அவர் ஆராய்ந்தார். நன்றாக ஒற்றுமையுடன் வேலை செய்யும் பகுதிகளிற் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். ஏட்டைப் பார்த்தால் அப்பகுதிகளிலேதான் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. ஆழ்ந்து பார்த்தபோது உண்மை தெரிந்தது. நல்ல தலைமையுள்ள இடத்திலே பிழையைப் பயமின்றிச் சொன்னார்கள். ஆதலால் ஏட்டில் ஏறிற்று. தண்டனைக்கு அஞ்சிய இடங்களிற் பிழை மறைக்கப்பட்டது. இதன்பின் 1999இல் அவர் எழுதிய கட்டுரையிலே, பேசினால் அவமானம் நேராது என்னும் நம்பிக்கை ஒரு குழுவில் இருந்தால் அக்குழு பிழையிலிருந்து கற்றுக்கொள்ளுகிறது என்று காட்டினார். ஏட்டிற் பிழையே இல்லாத கந்தோரைக் கண்டால், அங்கே பிழை இல்லையா, சொல்ல வாய் இல்லையா என்று கேட்டுப்பார்க்கவேண்டும்.

பெரியோர்களே, இவ்விடத்தில் நான் ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அரைகுறையாகக் கற்றவன் ஆவேன்.

முதலாவது, நான் கூறிய சோதனைகளுட் பல அமெரிக்காவிலே, அந்நாட்டாரைக் கொண்டு நடந்தவை. எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லமுடியாது. ஹார்வூட் சோதனையைப் பின்பற்றி நோர்வே நாட்டுச் சப்பாத்துத் தொழிற்சாலையொன்றிற் செய்து 1960இல் வெளியிட்டபோது, உற்பத்தியில் வேறுபாடு காணப்படவில்லை. 2015இல் உளநூற் சோதனைகள் 100ஐத் திரும்பச் செய்துபார்த்தபோது, பாதிக்கும் குறைந்தவையே முன்போன்ற முடிவைத் தந்தன. ஆகவே ஆராய்ச்சி சொல்வதை நமது ஊரிலே சிறிதாகச் செய்துபார்த்து, கண்ணாற் கண்டபின் நம்புவோம்.

இரண்டாவது, இந்த அறிவைத் தவறாகவும் பயன்படுத்தலாம். கூலியைக் கூட்டாமல், இனிமையாக இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுக் கூடுதலாக வேலை வாங்கும் தந்திரமாகவும் இதைச் சிலர் கொள்ளுகின்றனர். கேட்பது போல் கேட்டு, முன்னரே எடுத்த முடிவை நிறைவேற்றுவது கேட்பதாகாது. நியாயமான சம்பளத்துக்கும் பாதுகாப்பான மெசினுக்கும் பதிலாக உளநூலை வைக்க இயலாது.

மூன்றாவது, அமைப்பைப் பார் என்று நான் சொல்வதனால் தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லை என்று எவரும் கொள்ளற்க. அமைப்பு வானத்திலிருந்து விழுவதில்லை. மண்வெட்டியை எண்ணாமல் விட்டவனும் மனிதனே. அதை எண்ணவேண்டியதும் அவன் பொறுப்பே.

சென்ற மாரிக்கு முன் நாம் செய்ததையும் சுருக்கமாகச் சொல்லுகின்றேன். ஊரை 9 ஒழுங்கைகளாகப் பிரித்தோம். நிருவாகசபை நாளைக் குறிக்கவில்லை. ஒவ்வொரு ஒழுங்கையாரும் ஒரு வீட்டு முற்றத்திலே கூடித் தங்களுக்கு வசதியான நாளையும் நேரத்தையும் தாங்களே குறித்தனர். இந்த வளவு இன்னார் பொறுப்பு, அந்த வாய்க்கால் இன்னார் பொறுப்பு என்று பெயரோடு பகிர்ந்துகொண்டனர். வெட்ட இயலாத முதியோர் சிரட்டைகளைக் கவிழ்த்து எண்ணும் வேலையை ஏற்றனர். முன் சொன்ன அப்பு தமது ஒழுங்கையிலே 214 சிரட்டை எண்ணிக் கணக்குக் கொடுத்தார். அந்தக் கடதாசியை இன்னும் என்னிடம் வைத்திருக்கின்றேன். தோட்டக்காரர் ஒழுங்கை சனிக்கிழமை பின்னேரம் துப்புரவாயிற்று.

எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். 9 ஒழுங்கைகளில் 7 நடந்தன. ஒன்றிலே எல்லைத் தகராற்றினாற் பேச்சுவார்த்தை இல்லாத இரு வீட்டார் ஒரே முற்றத்திற் கூட மறுத்தனர். மற்றொன்றிற் குப்பையைச் சேர்த்துக் குவித்தும், ஏற்றவேண்டியவர்கள் ஏற்ற வராமையால் மழையோடு அது மீண்டும் பரந்தது. மனம் ஒத்திருந்தாலும் வண்டி வராவிட்டால் குப்பை போகாது. இதுவும் நமக்கொரு பாடம். சிரமதானம் என்னும் முயற்சி நமது நாட்டுக்குப் புதிதன்று. 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணவருடன் கனத்தொலுவக் கிராமத்துக்குச் சென்று தொடக்கிய வேலையே பின்னர் சர்வோதய இயக்கமாக வளர்ந்தது. கிராமத்தாரோடு சேர்ந்து வேலை செய்தல் என்பதே அதன் தொடக்கம். நாம் கிராமத்தாருக்காக வேலை செய்யப் புறப்பட்டோம். அவர்களோடு செய்ய மறந்தோம்.

ஈற்றாக, நமது சங்கத்துக்குச் சில விண்ணப்பங்கள்.

ஒன்று, இனி எந்த வேலையை எடுத்தாலும் ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் எழுதிய ஒரு பங்கு இருக்கட்டும். சிறியதாயினும் அது அவருடையதாக இருக்கட்டும்.

இரண்டு, பொது அறிவித்தலோடு நின்றுவிடாது ஆளை நேரிற் கண்டு, பெயர் சொல்லிக் கேட்போம்.

மூன்று, வேலையைச் செய்யப்போகிறவர்கள் இல்லாத கூட்டத்தில் அவர்களது நாளையும் நேரத்தையும் தீர்மானிக்காதிருப்போம்.

நான்கு, நிருவாகசபைக் கூட்டந்தோறும் கால் மணி நேரத்தைக் குறை சொல்வதற்கென்றே ஒதுக்குவோம். அதில் வயதிற் குறைந்தவர் முதலிற் பேசட்டும். பெரியோர் கடைசியிற் பேசட்டும். பெரியோர் முதலிற் பேசிவிட்டாற் பின் எங்களுக்கு வாய் வராது. இது மரியாதைக் குறைவாற் சொன்னதன்று. மரியாதை மிகுதியால் நேரும் தடை.

"வாலிபர் வருவதில்லை" என்று பெரியோர் சொல்லுகின்றனர். "பெரியோர் இடந்தருவதில்லை" என்று நாங்கள் சொல்லுகின்றோம். இரண்டு பக்கத்தாரும் மற்றவரின் குணத்தையே பேசுகின்றோம். கூட்ட நேரம், இருக்கை ஒழுங்கு, பேசும் முறை, கணக்குப் புத்தகம் யார் கையில் என்று பார்க்கத் தொடங்கினாற் பாதிப் பிணக்குத் தீரும் என்று நம்புகின்றேன். மற்றப் பாதிக்குப் பொறுமை வேண்டும்.

அறிவித்தற் பலகையில் நான் ஒட்டிய கடிதத்தை வாசித்தவர்கள் இச்சபையில் இருக்கின்றீர்கள். அதைக் கிழித்தவரும் இருக்கக்கூடும். கிழித்தவருக்கு என் நன்றி. அதில் நான் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும், எந்தப் பலகையை அன்று பயன்படுத்தினேனோ அந்தப் பலகை மாட்டிய இந்த மண்டபத்திலே, உங்கள் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கின்றேன்.

வருகிற மாரிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கின்றது. விடுபட்ட இரண்டு ஒழுங்கையாரும் இங்கே வந்திருக்கின்றனர். தலைவர் அவர்கள் அனுமதித்தால், இச்சொற்பொழிவு முடிந்ததும் தேநீருக்கு முன்னதாக, கால் மணி நேரம் அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசட்டும். நாள் குறிக்கும் பொறுப்பு அவர்களுடையது. கணக்கெழுதக் கடதாசியும் பேனையும் நான் கொண்டுவந்திருக்கின்றேன்.